அவையள் எந்தப் பகுதி?

கிளென் வேவர்லி
3 மார்ச் 2025

யோகாவுக்கு,

நீர் தொலைபேசியை எடுக்கிறீர் இல்லை. வினுஷா என் குறுஞ்செய்திகளைப் பார்க்கிறாள், பதில் போடுகிறாள் இல்லை. ஆகவே தபாலில் எழுதுகிறேன். முத்திரை ஒட்டி ஒரு கடிதம் அனுப்பி எத்தனையோ வருடமாகிறது. தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுச் சீனக்காரரிடம் கேட்க வேண்டியதாகப் போய்விட்டது.

நடந்ததில் என்னுடைய பக்கத்தையும் நீர் கேட்க வேண்டும். அருந்தவனும் மனைவியும் அன்று எங்களிடம் சாப்பிட வந்தவர்கள். நீர் அவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பாகிஸ்தான் நாடகத்தைப் போட்டு, அருந்தவனின் மனைவிக்குக் கதையும் சொல்லிக்கொண்டிருந்தீர். அருந்தவன் வினுஷாவின் கலியாண விஷயத்தை எடுத்தான். "ஆர் பெடியன்? அவையள் எந்தப் பகுதி?" என்று கேட்டான். சாதியைச் சாதி என்று சொல்லாமல் எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். நான் எப்படியாவது பேச்சை மாற்றியிருப்பேன். நீர் முந்திக்கொண்டு, "அவர் குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கிற பகுதி" என்று சொன்னீர். அவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. அந்தக் கோபத்தில்தான் தொலைக்காட்சியின் வயரைச் சுவரிலிருந்து இழுத்தேன். "இந்த நாடகம் பாத்துப் பாத்துத்தான் தாய்க்கும் மகளுக்கும் மூளை பழுதாப் போச்சு" என்றேன். சொன்னதில் பிழை இல்லை. ஆட்களுக்கு முன்னால் சொன்னது பிழையாக இருக்கலாம்.

அதற்காக விடிந்ததும் ஒரு பையோடு சிட்னிக்குப் போவதா? கோயிலில் கேட்கிறவர்களிடம், வினுஷாவுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கூட, தாய் சமைத்துக் கொடுக்கப் போயிருக்கிறா என்று சொல்லி வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் நீரும் அதையே சொல்லும்.

டைல்ஸ் வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. படகில் வந்ததையும் சொல்லவில்லை. கஷ்டப்பட்டு வந்த பிள்ளைகள். ஆனால் பெண் கொடுப்பது வேறு விஷயம். நீர் தாய். நீர் சொன்னால் அவள் கேட்பாள். சொல்லிவிட்டு வாரும்.

தொலைக்காட்சியின் வயரைத் திரும்பச் சொருகிவிட்டேன். போட்டால் உம்முடைய நாடகம்தான் முதலில் வருகிறது, 'தொடர்ந்து பார்க்கவா' என்று கேட்டுக்கொண்டு.

கேதீஸ்வரன்

•

நார்த்மீட்
14 மார்ச் 2025

வினுஷாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியது எனக்கு வசதியாகப் போய்விட்டது. நேரில் உங்கள் குரல் உயர்ந்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடதாசியில் நான் நினைத்ததை முடிக்கும்வரை எழுதலாம். அதனால் இனியும் தொலைபேசியை எடுக்கமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று கவனித்தேன். கடிதம் முழுக்க என்னை 'நீர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அருந்தவன் அண்ணைக்கு முன்னால் 'நீ' என்றுதான் சொன்னீர்கள்.

அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் பார்க்கும்போது நீங்கள் குறுக்கே நடந்து போயிருக்கிறீர்களே தவிர, என்ன பார்க்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சமீனா என்று ஒரு பெண். லாகூரில் ஒரு பெரிய பங்களா, அவளுடைய தகப்பன் அங்கே கார் ஓட்டுகிறவர். அந்த வீட்டு மகன் ஷாவேஸ். அவன் சமீனாவை விரும்புகிறான். தாய் மறுக்கிறாள். அவன் கண்ணாடிக் குவளையை நிலத்தில் அடித்து உடைத்து, சொத்து வேண்டாம், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளைக் கட்டுகிறான். அந்தக் காட்சிக்குக் கீழே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் இதயப் படம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

பிறகு தாய் மனம் மாறி அவர்களைப் பங்களாவுக்கே கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே ஒரு நீளமான சாப்பாட்டு மேசை. எல்லோரும் இருக்கிறார்கள். சமீனா மட்டும் நின்று பரிமாறுகிறாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. ஷாவேசும் சாப்பிடுகிறான். பிறகு அறைக்குள் போய், "நீ சாப்பிட்டாயா?" என்று அன்பாகக் கேட்கிறான். பதினெட்டாம் பகுதியில் அவளைக் கன்னத்தில் அறைகிறான். மைத்துனனோடு சிரித்துப் பேசினாளாம். எல்லோரும் அந்த அடிக்கு அழுதார்கள். நான் மேசைக்கு அழுதேன்.

அவள் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவன் சொல்வது ஒன்றுதான்: "உனக்காக நான் எல்லாவற்றையும் விட்டவன்." இதை நான் உருது தெரிந்தா விளங்கிக்கொண்டேன்? எங்கள் வீட்டில் கேட்டுப் பழகியதுதானே. பஸ் கொண்டக்டரின் மகளைக் கட்டுவதற்காகப் பள்ளிக்கூட அதிபரின் மகன் வீட்டை எதிர்த்து நின்றது உண்மை. கொழும்பில் நான் டைப்பிஸ்டாக இருந்த கந்தோர் வாசலில் நீங்கள் குடையோடு நின்றதும் உண்மை. அன்றைக்கு எனக்கு நீங்கள் கதாநாயகன்தான். ஆனால் சண்டை பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தவரோடு பிறகு எதற்கும் சண்டை பிடிக்க முடிவதில்லை. அவர் ஏற்கெனவே ஒரு பெரிய சண்டை பிடித்துவிட்டார், எனக்காக. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகிறேன் என்றாலும் நன்றி கெட்டவள், கறிக்கு உப்புக் கூடினாலும் நன்றி கெட்டவள்.

நீங்கள் செய்ததை உங்கள் மகள் செய்கிறாள். அவளிடம் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது.

யோகா

•

கிளென் வேவர்லி
30 மார்ச் 2025

யோகாவுக்கு,

உம்முடைய கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்காகவே அந்த நாடகத்தை முதலாம் பகுதியிலிருந்து பார்த்தேன். குற்றம் சாட்டப்பட்டவன் ஆதாரத்தைப் பார்க்க வேண்டுமல்லவா. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்து மிக வேகம். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒரு கிழமை போய்விட்டது. அந்தப் பங்களாவின் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. இங்கே அதற்கு எந்த நகரசபையும் அனுமதி கொடுக்காது. ஒவ்வொரு பகுதியிலும் யாராவது அதிலே அழுதுகொண்டு ஓடுகிறார்கள்.

இப்போது என் வாதம். ஷாவேஸ் கை நீட்டியது காட்டுமிராண்டித்தனம். அதற்கு மன்னிப்பே இல்லை. நான் உம்மை ஒருநாளும் அடித்ததில்லை. ஆகவே அவனையும் என்னையும் ஒரே வரியில் வைப்பது அநியாயம்.

இரண்டாவது, மேசை. உண்மையைச் சொன்னால், அந்தக் காட்சி எனக்கு முதலில் கண்ணிலே படவில்லை. நீர் எழுதியிருந்தபடியால் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஓம், நிற்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் உம்மை யார் நிற்கச் சொன்னது? கதிரை இருந்தது. நீர் இருந்திருக்கலாம்.

இன்னொரு காட்சி இருக்கிறது. சமீனாவின் தகப்பன் மகளைப் பார்க்கப் பங்களாவுக்கு வருகிறார். இப்போது அவர் சம்பந்தி. ஆனால் கார் பக்கத்திலேயே நிற்கிறார். ஷாவேஸ் வெளியே வந்தவன், பழக்கதோஷத்தில் கார்ச் சாவியை அவரிடம் நீட்டுகிறான். அவரும் வாங்குகிறார். இதை வைத்து நீர் ஏதோ எழுதப்போகிறீர் என்று தெரியும். அதற்கு முதலே சொல்லிவிடுகிறேன்: உம்முடைய அப்பாவை நான் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை.

மூன்றாவது, வினுஷா. நான் செய்ததை அவள் செய்கிறாள் என்று எழுதியிருந்தீர். நான் ஆண். என்னால் உம்மைக் கொண்டுவந்து ஒரு நிலைக்கு உயர்த்த முடிந்தது. பெண் போனால் அவள்தான் அவன் இருக்கிற இடத்துக்கு இறங்க வேண்டும். இது நான் போட்ட சட்டமில்லை, உலகம் அப்படித்தான் இருக்கிறது. நாடகத்திலும் பணக்காரப் பெண் டிரைவரின் மகனைக் கட்டுவதாக யாரும் கதை எழுதவில்லை, பாரும்.

வீட்டில் எல்லாம் சரி. பருப்புக் கறி வைத்தேன். அடிப்பிடித்தது.

கேதீஸ்வரன்

•

நார்த்மீட்
20 ஏப்ரல் 2025

வினுஷாவின் அப்பாவுக்கு,

என் அப்பாவைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. நீங்களாகத்தான் எழுதினீர்கள்.

'உயர்த்த முடிந்தது' என்ற வரியை வினுஷா என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டாள். "ஓ மை காட், அம்மா, ஹி ரோட் தட் டவுன்?" என்றாள். நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

எங்கள் யூனிட்டுக்கு மேல் வீட்டில் ஃபர்ஸானா என்று ஒரு பெண் இருக்கிறாள். கராச்சிக்காரி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நான் அந்த நாடகம் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கதவைத் தட்டி வந்துவிட்டாள். இப்போது சேர்ந்துதான் பார்க்கிறோம். அவளுக்கு என் ஆங்கிலம், எனக்கு அவளுடைய ஆங்கிலம், அது போதும். உங்கள் நாட்டில் பெண்கள் இப்படித்தான் இருக்கிறார்களா என்று முதல்நாளே கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் தாய் பள்ளிக்கூட அதிபராக இருந்தவளாம், தகப்பன்தான் வீட்டில் ரொட்டி சுடுவாராம். "பிறகேன் இதைப் பார்க்கிறாய்?" என்றேன். "திட்டிக்கொண்டு பார்க்க. தனியாகத் திட்டினால் பைத்தியம் என்பார்கள். ஊரே சேர்ந்து திட்டினால் அது நாடகம்" என்றாள். இந்தக் கதைகளை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள்தானாம். முப்பது பகுதிவரை நெஞ்சில் இருப்பதை எழுதுவார்களாம். கடைசிப் பகுதியில் மட்டும் பெண் மன்னித்துவிட வேண்டுமாம். அப்படி முடித்தால்தான் ஆட்கள் பார்ப்பார்களென்று தொலைக்காட்சிக்காரர் நினைக்கிறார்களாம்.

உங்கள் மகள் விரும்புகிற யதுர்சனைப் பற்றியும் எழுத வேண்டும். நான் அவனுக்கு வக்கீல் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அவனுக்கும் சிட்னியில்தான் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். நல்ல பிள்ளை. முழங்கால் இரண்டிலும் காய்ப்பு, நிலத்தில் முழந்தாளிட்டு வேலை செய்து வந்தது. ஆனால் நான் அவன் முழங்காலைப் பார்த்து உருகிப் பெண் கொடுக்க வரவில்லை. வினுஷாவுக்கு டப்போவில் ஒரு பெரிய பதவி வந்திருக்கிறது, இங்கிருந்து கார் ஓடி அரை நாளில் போகிற ஊர். இவன் சாப்பிட்டுக்கொண்டே, "அது தேவையில்லை, கலியாணத்துக்குப் பிறகு பாப்பம்" என்றான். அவள் பேசாமல் இருந்தாள். அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம்.

"தம்பி, தேவையோ இல்லையோ எண்டு அவளட்டைக் கேட்டனீரோ?" என்றேன்.

"இல்லை அன்ரி, நான் அவளில இருக்கிற அன்பிலதான்..."

"எல்லாரும் அன்பிலதான் சொல்லுறவை. அவளின்ர அப்பாவும் அன்பிலதான் என்னை வேலைக்குப் போக விடேல்லை."

அவன் முகம் கறுத்துப் போய்விட்டது. கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான். வினுஷா என்னோடு சண்டைக்கு வந்தாள். "எனக்காக நீங்கள் ஏன் கதைக்கிறீங்கள்? ஐ கேன் ஸ்பீக் ஃபோர் மைசெல்ஃப்" என்றாள். "அப்ப கதை" என்றேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுக்கவில்லை. அவனோடு அவள் என்ன கதைத்தாளோ தெரியாது. அடுத்த ஞாயிறு அவன் வந்து வாசலிலேயே நின்று, "அன்ரி, அவள் டப்போவுக்குப் போகட்டும். நானும் அங்கை வேலை தேடுறன். அங்கையும் ஆக்கள் குளிக்கிறவைதானே" என்றான்.

நானும் ஒரு வேலை எடுத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு டொக்டரின் கிளினிக்கில், வரவேற்பு மேசையில். முதல்நாள் கணினியில் என் விரல்கள் ஓடியதைப் பார்த்து அந்தப் பெண்பிள்ளைகள் வியந்துபோனார்கள். நானும்தான்.

யோகா

•

கிளென் வேவர்லி
25 மே 2025

யோகாவுக்கு,

வேலை எடுத்ததை என்னிடம் கேட்டிருக்கலாம். சரி, அது இருக்கட்டும்.

ஒரு விஷயம் நடந்துவிட்டது. வேறு யாராவது திரித்துச் சொல்வதற்கு முதல் நானே எழுதுகிறேன். இங்கே மெல்பர்னில் நோபல் பார்க்குக்குப் போய் அந்தப் பெடியனின் தாயைச் சந்தித்தேன். தவமலர் என்று பெயர். உம்மிடமும் மகளிடமும் பேசிப் பயனில்லை, பெரியவர்கள் நாங்களே பேசி இதை மரியாதையாக நிறுத்திவிடுவோம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். என்ன சொல்வது என்று காரில் போகும்போதே ஒத்திகையும் பார்த்தேன்.

சின்ன வீடு. துப்புரவாக வைத்திருக்கிறா. அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலையால் அப்போதுதான் வந்திருந்தா. தேத்தண்ணி தந்தா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவதற்குள் அவ தொடங்கிவிட்டா.

"நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு. நானும் உங்களட்டை வர இருந்தனான். எனக்கு இந்தச் சம்பந்தம் சரிவருமெண்டு தெரியேல்லை."

நான் திகைத்துப்போனேன். "ஏன், எங்கட பிள்ளையில என்ன குறை?" என்றேன்.

"பிள்ளை தங்கம். அவவில ஒரு குறையும் இல்லை. குறை உங்களிலதான். நாளைக்கு உங்கட ஆக்கள் வந்தா, என்ரை மகனை ஆரெண்டு சொல்லுவியள்?"

"மருமோன் எண்டு சொல்லுவன்."

"அவையள் எந்தப் பகுதி எண்டு கேட்டா?"

யோகா, எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, உண்மையும் வரவில்லை. அவ தன் பாட்டில் சொல்லிக்கொண்டு போனா: "ஊரிலயும் வெளியில நிண்டம். கடலிலயும் நிண்டம். பன்னிரண்டு வரியம் தற்காலிக விசாவில நிண்டம். போன வரியம்தான் இந்த நாடு எங்களை இருங்கோ எண்டு சொன்னது. இனி ஒரு வீட்டில போய் என்ரை பிள்ளை நிக்கிறதை நான் பாக்கமாட்டன்."

பிறகு நடந்ததுதான் எனக்கே விளங்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வீட்டைப் பற்றி இவ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறா? நான் காதலித்துக் கட்டினவன் என்றேன். என் மகளை யாராவது வேண்டாமென்று சொல்ல முடியுமா என்றேன். அவளைப் போல மருமகள் மெல்பர்ன் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, உங்கள் மகனும் மோசமில்லை, டப்போவுக்கே வருகிறேன் என்று சொன்ன பிள்ளை, இந்தக் காலத்தில் யார் சொல்வான் என்றெல்லாம் அடுக்கினேன். அவ கடைசியில், "சரி, யோசிச்சுச் சொல்லுறன்" என்றா. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

காரில் ஏறி ஸ்பிரிங்வேல் வீதிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கலியாணத்தை நிறுத்தப் போனவன், அந்தக் கலியாணத்துக்காகக் கெஞ்சிவிட்டு வருகிறேன்.

இதை வைத்து நான் சம்மதித்துவிட்டதாக நீர் எடுக்கக் கூடாது. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பெண்மணி என்னை வேண்டாமென்று சொன்னதற்கு மனம் அதைவிடவும் ஒப்பவில்லை.

கேதீஸ்வரன்

•

நார்த்மீட்
15 ஜூன் 2025

வினுஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். தவமலரும் தொலைபேசியில் பேசினா. "உங்கட அவர் கோட்டில வக்கீல் கதைக்கிற மாதிரிக் கதைச்சவர். பாவமாக் கிடந்துது, அதுதான் ஓம் எண்டு சொல்லுவம் எண்டு பாக்கிறன்" என்றா. கலியாணம் ஒக்டோபரில், இங்கே ஒரு சமூக மண்டபத்தில். பதிவும் தாலியும் சாப்பாடும், அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அழைப்பிதழ், ஒரே வரிசை என்பது தவமலர் போட்ட நிபந்தனை. வினுஷா அதற்கு முதலே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சிரித்ததால் எல்லாம் சரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாடகத்தின் கடைசிப் பகுதி போன கிழமை வந்தது. ஷாவேசுக்குக் கார் விபத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையில் கட்டோடு கிடக்கிறான். சமீனா அதற்குள் தனியாகப் போய், ஒரு தையல் கடை வைத்து, தகப்பனையும் வேலையை விடச்செய்து, நன்றாகத்தான் இருக்கிறாள். மாமியார் வந்து அழுகிறாள். இவள் போகிறாள். அவன் கண் திறந்து, "திரும்பி வா" என்கிறான். அவள் அவன் கையைப் பிடித்து நெற்றியில் வைக்கிறாள். பாட்டு. முடிந்தது. ஃபர்ஸானா குஷனைத் தூக்கித் தொலைக்காட்சியில் எறிந்தாள். நான் அந்தக் குஷனை எடுத்துத் திரும்பக் கதிரையில் வைத்தேன். அவள் திரும்பிப் போனதில் எனக்குக் கோபமில்லை. அன்பு இருந்தால் போகத்தான் மனம் வரும். எனக்கும் உங்களில் அன்பு இல்லாமல் போகவில்லை. ஆனால் அவன் அவளுக்காக ஒன்றும் செய்யவில்லையே. அடிபட்டுக் கிடந்ததுதான் அவன் செய்த ஒரே வேலை. அவன் படுத்த இடத்திலிருந்து எழும்பாமலே அவளுக்கு எல்லாம் முடித்துவைத்துவிட்டார்கள்.

எனக்கு அந்த முடிவு வேண்டாம். நீங்கள் வருத்தக்காரராகிப் படுக்கையில் விழுந்து, அதைக் கேட்டு நான் ஓடிவர வேண்டாம். நல்ல சுகத்தோடு இருந்து, நீங்களாக யோசிக்க வேண்டும்.

வினுஷாவும் யதுர்சனும் கலியாணம் முடித்து டப்போவுக்குப் போகிறார்கள். இந்த யூனிட்டின் வாடகை ஒப்பந்தத்தை நான் என் பெயருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கிளென் வேவர்லிக்கு வரமாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் 'வாரும்' என்று சொல்லி வரப்போவதில்லை. கலியாணத்துக்கு வருவதும் வராததும் உங்கள் முடிவு. வந்தால் சந்தோஷப்படுவேன். வராவிட்டால் தாலிக்கொடியை நானே எடுத்துக் கொடுப்பேன், பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன்.

யோகா

•

கிளென் வேவர்லி
2 ஓகஸ்ட் 2025

யோகாவுக்கு,

உம்முடைய கடிதத்துக்கு உடனே பதில் எழுதத் தொடங்கினேன். மூன்று பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் மூன்று பக்கமும் ஷாவேஸ் பேசுவதைப் போலவே இருந்தது. கிழித்துவிட்டேன். பிறகு நாள் போய்விட்டது.

நேற்று அருந்தவன் வீட்டில் அவனுடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அவன் எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக, "என்ன கேதீஸ், கலியாணமெண்டு கேள்விப்பட்டன். அவையள் எந்தப் பகுதி எண்டு நீ இன்னும் சொல்லேல்லையே" என்றான்.

"என்ரை மருமோன் பகுதி," என்றேன். "உனக்கு அவ்வளவும் தெரிஞ்சாப் போதும்."

அவன் சிரித்துச் சமாளித்தான். "யோகா இன்னும் சமைச்சுக் குடுத்து முடியேல்லையோ?" என்றான்.

"அவ சமைச்சுக் குடுக்கப் போகேல்லை. என்னோட கோவிச்சுக்கொண்டு போனவ. கோவிச்சதில நியாயம் இருக்கு" என்றேன்.

மற்றவர்கள் கேக்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அருந்தவனின் மனைவி மட்டும், "யோகாக்கா எப்பிடி இருக்கிறா?" என்று மெதுவாகக் கேட்டா. வேலைக்குப் போகிறா, சந்தோஷமாக இருக்கிறா என்றேன். அவ தலையைக் குனிந்துகொண்டு குசினிப் பக்கம் போய்விட்டா. அருந்தவன் என்னை வாசல்வரை கொண்டுவந்து விடவில்லை. இனி அழைப்பு வராது என்று நினைக்கிறேன். நாற்பது வருடச் சிநேகிதம். மனம் கனமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று எழுதினால் பொய்.

இதைச் செய்தால் நீர் வருவீர் என்று நினைத்துச் சொல்லவில்லை. சொல்லும்போது உம்மை நினைக்கவே இல்லை. யதுர்சன் வாசலில் நின்றதாக எழுதியிருந்தீரே, அதைத்தான் நினைத்தேன்.

கலியாணத்துக்கு நான் வரலாமா? கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

கேதீஸ்வரன்

•

நார்த்மீட்
26 ஒக்டோபர் 2025

வினுஷாவின் அப்பாவுக்கு,

பிள்ளைகள் நேற்று டப்போவுக்குப் போய்விட்டார்கள். யதுர்சனின் வானில் டைல்ஸ் வெட்டுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வினுஷாவின் புத்தகப் பெட்டிகள். போகும்போது அவள்தான் ஓட்டினாள். தவமலர் இன்னும் இரண்டு நாள் என்னோடு நிற்கிறா. ஃபர்ஸானா ஒரு புது நாடகத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள், மூன்று பேருமாகப் பார்க்கிறோம். தவமலருக்கு ஆங்கில எழுத்து ஓடுகிற வேகத்துக்கு வாசிக்க முடியாது. ஆனாலும் யார் கெட்டவன் என்று எங்களுக்கு முதலே சொல்லிவிடுகிறா.

கலியாணத்தில் நீங்கள் நடந்துகொண்டதைப் பற்றி எல்லோரும் நல்லதாகச் சொன்னார்கள். நான் அதைப் பற்றி எழுத வரவில்லை. ஆட்களுக்கு முன்னால் நல்லபடியாக நடப்பது உங்களுக்கு எப்போதும் வரும். நான் எழுத வந்தது விமானநிலையத்தைப் பற்றி.

பையைக் கொடுத்துவிட்டு நீங்கள் திரும்பி நின்றீர்கள். "நீரும் வாறீரோ?" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் வழக்கமான அந்த இறுக்கம் இல்லை. பயந்துபோய்த்தான் கேட்டீர்கள். எனக்கும் பயம்தான். "இல்லை" என்றேன். என்னென்னவோ காரணமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்: கிளினிக், வாடகை ஒப்பந்தம், தவமலர் தனிய நிற்கிறா. ஒன்றையும் நீங்கள் கேட்கவில்லை. "சரி. போயிட்டு வாறன்" என்றீர்கள். போய்விட்டீர்கள். யாரும் யாருக்குப் பின்னாலும் ஓடவில்லை. நான் கார்த் தரிப்பிடத்துக்கு வந்து காரில் ஏறியும் நெடுநேரம் சாவியைப் போடாமல் இருந்தேன்.

நான் ஒன்றுக்கு 'இல்லை' என்று சொல்லி, அதற்கு நீங்கள் 'சரி' என்று சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். கொழும்பிலிருந்து தொடங்கி, இங்கே வந்த முதல் குளிர்காலம், வினுஷா பிறந்தது, வீடு வாங்கியது, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்குத்தான் முதல்தரம். அதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருந்ததென்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு ஒரு மனிதர் என்னோடு இருந்தால் எனக்கு இருக்கலாம் போல இருக்கிறது.

அதனால் டிசம்பர் கடைசியில் கிளினிக் பூட்டும்போது மெல்பர்னுக்கு வரலாம் என்று நினைக்கிறேன். இரண்டு கிழமை. திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுப்பேன், அதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு கிழமையும் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்தது நீங்கள் இங்கே வருவதா, நான் அங்கே வருவதா என்று கதைப்போம்.

நான் வருவது உங்களுக்குச் சம்மதமா என்று எழுதுங்கள். வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுதுங்கள். நானும் சரி என்பேன்.

யோகா